நிங்கவ்வா கட்டிய பொய்க் கட்டு

எங்கள் ஊரில் நிங்கவ்வாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆபரேஷன் அவ்வா. எங்கள் பேச்சில் அவ்வா என்றால் அம்மா. மூன்றாவது பிள்ளை பிறந்த வீட்டுத் தெருவில் அவளுடைய கறுப்புக் குடை தெரிந்தாலே போதும், மாமியார்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் தட்ட மாட்டாள். வாசல் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். எப்படியும் யாராவது ஒருத்தி தண்ணீர் எடுக்க வெளியே வந்துதானே ஆகவேண்டும். வந்ததும் புடவையைக் கொஞ்சம் இறக்கி, தொப்புளுக்குக் கீழே இருக்கும் தன் தழும்பைக் காட்டுவாள். "நல்லாப் பாருடி. சீரகம் அளவுதான். நான் செத்தா போயிட்டேன்? பத்தே நாள்ல சோளம் அறுக்கப் போனேன்" என்பாள். இப்படித் தழும்பைக் காட்டியே இருநூறு பேரையாவது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அழைத்துப் போயிருப்பாள்.

அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். பதினாறு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன். எல்லாருக்கும் நான் சிஸ்டரக்கா. நிங்கவ்வா எங்கள் ஆஷா, வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர். ஊசி என் கையில் இருந்தது, ஊர் அவள் கையில் இருந்தது. பத்தாவதில் கணக்கில் தவறியவள்தான், ஆனால் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாசம், யாருக்கு எப்போது தடுப்பூசி என்று எதையும் பார்க்காமல் ஒப்பிப்பாள். பதினேழு வயதில் கல்யாணம், இருபத்து மூன்றுக்குள் மூன்று பிள்ளைகள், உடனே ஆபரேஷன். புருஷன் பகீரப்பா கோவாவில் கட்டட வேலை செய்கிறார். இரண்டு மகன்களும் வளர்ந்ததும் அவரோடு போய்விட்டார்கள். உகாதி, தசரா, தீபாவளி என்று பண்டிகைக்குத்தான் வருவார்கள். மகள் தாட்சாயிணியை ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வசதியான வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு வாய் நீளம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை அங்கன்வாடியில் தாய்மார்கள் கூட்டம் நடக்கும். அங்கே நான் பேச ஆரம்பித்தால் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டு வருஷம் முன்னால் துர்கவ்வா என்பவள் நாற்பது வயதில் முழுகாமல் வந்து நின்றாள். அவளுடைய மருமகளும் அப்போது கர்ப்பம். "என்ன துர்கவ்வா, மாமியாரும் மருமகளும் சேர்ந்தே பிரசவ வார்டுக்குப் போறீங்களா? ரெண்டு கட்டில் சொல்லவா, ஒண்ணு போதுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிங்கவ்வாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். துர்கவ்வா முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு போனாள். அந்த வயதில் பிரசவம் ஆபத்து, நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நல்லது சொல்ல அவளை அப்படி அவமானப்படுத்த வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

போன ஜூன் மாதம் ஒரு மதியம் தடுப்பூசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தோம். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நிங்கவ்வா ஐஸ் கட்டிகளை எடுத்துக் கொடுத்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளியிருக்கு."

"உனக்கா?" நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாப்பத்திரண்டு ஆச்சில்ல? கடையைச் சாத்துற வயசுதான். ஷட்டரை இறக்கிட்டு நிம்மதியா இரு."

அவள் ஒரு நொடி கையில் ஐஸ் கட்டியோடு நின்றாள். பிறகு சிரித்தாள். "ஆமாக்கா, வியாபாரம் பண்ணினது போதும்" என்று பெட்டியை மூடினாள்.

என் மேசையின் இழுப்பறையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. நாள் தள்ளிப் போனது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் அதைச் செய்ய வேண்டும். ஆபரேஷன் ஆனவளாக இருந்தாலும் செய்ய வேண்டும், ஏனென்றால் எப்போதாவது யாருக்காவது அது தவறும். இதை எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நானே பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு நகைச்சுவைதான் முதலில் வந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் எப்போதும் போல வேலைக்கு வந்தாள். புடவையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள், என் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தாள், வெற்றிலையை விட்டுவிட்டாள். எல்லாம் கண்ணில் பட்டது. ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ஆகஸ்டில், சிராவண மாதத்தில், தாட்சாயிணிக்கு அவளுடைய மாமியார் வீட்டில் குப்புசம், அதாவது சீமந்தம், வைத்தார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் பச்சைப் புடவையும் பச்சை ரவிக்கையும் பச்சை வளையலும், கூடை கூடையாகப் பலகாரமும் கொண்டுபோக வேண்டும். பெண்ணை மணையில் உட்கார வைத்து அரிசி, கொப்பரை, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை என்று மடி நிரப்புவோம். முதல் பிடியைப் பெற்ற தாய்தான் போட வேண்டும். தீட்டுப்பட்டவள் அந்த மணைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

நானும் போயிருந்தேன். நிங்கவ்வா வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ரொட்டிக் கல்லில் சுட்டுக்கொண்டாளாம். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஐயோ பாவம் என்றார்கள். மணைக்கு எட்டப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மடி நிரப்பத் தன் அக்காவை அனுப்பினாள்.

தாட்சாயிணிக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்வா, இடது கையாலயாவது ஒரு பிடி போடேன்" என்றாள்.

"இடது கையால போடக் கூடாதும்மா. பெரியம்மா போட்டா நான் போட்ட மாதிரிதான்."

சொன்ன குரல் கம்மியிருந்தது. மகள் மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன். என் கண்ணெல்லாம் அந்தக் கட்டின் மேல்தான். சுட்ட புண்ணை இவ்வளவு இறுக்கிக் கட்டக் கூடாது என்று நான்தான் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவளை இழுத்துக்கொண்டு நிலக்கடலை மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டு அறைக்குப் போனேன்.

"கையைக் காட்டு."

"வேணாம்க்கா. ஆறிடுச்சு."

"ஆறினதுக்கு எதுக்கு இவ்வளவு துணி? காட்டுங்கறேன்ல."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. பிடுங்கிப் பிரித்தேன். உள்ளே புண்ணும் இல்லை, கொப்புளமும் இல்லை. சுத்தமான கை. ஆனால் தொட முடியாத சூடு. அவளுக்கு உடம்பே கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முந்தானை விலகிய இடத்தில் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. கிட்டே போனால் ஒரு வாடை. நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை மாசம்?"

"நாலரை இருக்கும்."

"எப்போ போச்சு?"

"திங்கக்கிழமை."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் வயிற்று வலி கண்டு, குளியலறையில் தனியாக உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அதை முடித்திருக்கிறாள். கொல்லையில் குழி தோண்டியதும் அவளேதான். மறுநாள் குழந்தைகளுக்கு எடை பார்க்க வந்தாள், நான் அவள் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சா?"

"பாதிதான் வந்துச்சுன்னு நினைக்கிறேன்க்கா."

"காய்ச்சல் வந்தா, வாடை அடிச்சா, அந்த நிமிஷமே வரணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவளாச்சேடி நீ."

"எல்லாம் தெரியும்க்கா. இன்னிக்கு ஒரு நாள் முடியட்டும்னு இருந்தேன்." மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்தாள். "தீட்டுக் கையை அவ மடியில எப்படி வெப்பேன்? அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? போட மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏழு மாசக்காரியோட அம்மா நான். எதைச் சொல்லுவேன்?"

கதவு திறந்தது. தாட்சாயிணியின் மாமியார் பாரவ்வா. ஆறடிப் பெண்பிள்ளை, அவள் பார்வையே ஒரு அதட்டல். அந்த வீட்டில் யாருக்கு முன்னால் தலைகுனியக் கூடாது என்று நிங்கவ்வா இத்தனை பாடுபட்டாளோ, அந்த ஆள். நிங்கவ்வா அவசரமாகத் துணியைக் கையில் சுற்றப் பார்த்தாள். பாரவ்வா அந்தக் கையைப் பார்த்தாள், ரவிக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவை உள்ளே தாழ் போட்டாள்.

"மூடாதே. நான் ஏழு சுமந்தேன், அதுல ரெண்டு போச்சு. இந்த வாடை எனக்குத் தெரியாதா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நர்ஸுதானே நீ? வேடிக்கை பாத்துட்டு நிக்கறே."

நிங்கவ்வா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தாட்சாவுக்குத் தெரிய வேணாம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்துக்கட்டும், அப்புறம் போறேன்."

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்துக்கறதுக்குள்ள நீ எழுந்துக்க முடியாமப் போயிடுவே. நட."

சம்பந்திக்குச் சூட்டுப் புண் பழுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பந்தியில் சொல்லிவிட்டு, மிளகாய் மூட்டை ஏற்றும் சின்ன வண்டியைக் கொல்லை வாசலுக்கு வரச் சொன்னாள். அந்தப் பொய்க் கட்டை நானே திரும்பவும் ஒழுங்காகக் கட்டிவிட்டேன். அப்படித்தான் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக முடிந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒரு பெண் இருந்தாள். நிங்கவ்வாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறுகூட இல்லை. உள்ளே தங்கிய மிச்சம் அழுகி, விஷம் உடம்பில் ஏற ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றாள். "ஆபரேஷன் ஆனவங்கன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டாள். ஆமாம், தவறியிருக்கும் என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அவள் கேட்காததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பகீரப்பா கடைசியாக எப்போது வந்தார்? உகாதிக்கு. மார்ச் கடைசியில் வந்த உகாதியிலிருந்து இன்றைக்கு எத்தனை மாதம்? ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றபடி என் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். நிங்கவ்வா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"சரியா வருதாக்கா?" என்றாள்.

அதற்குள் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். செத்துவிடலாம் போல இருந்தது.

கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்று வேளையும் நரம்பில் மருந்து. தனி அறை ஏது, பிரசவ வார்டிலேயே கட்டில் போட்டார்கள். சுற்றிலும் ஏழெட்டுக் கைக்குழந்தைகள். ஏதாவது ஒன்று அழும்போதெல்லாம் நிங்கவ்வாவுக்குப் பால் இறங்கும். நான் பழைய வேட்டியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

"வலிக்குதா?"

"வலிச்சாத் தாங்கிக்குவேன். எந்தக் குழந்தையோ அழுவுது, எனக்கு ஊறுது. அதுதான்க்கா அசிங்கமா இருக்கு."

எதிர்க் கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. நிங்கவ்வா பதிவு செய்து, நிங்கவ்வா கொண்டுவந்து சேர்த்தவள். "அவ்வா, நீங்க ஏன் இங்க படுத்திருக்கீங்க?" என்று கேட்டாள். "காய்ச்சல்மா, வேற வார்டுல இடமில்ல" என்று சொல்லிவிட்டு நிங்கவ்வா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். டிஸ்சார்ஜ் ஆகும் வரை அந்தப் பக்கமே படுத்திருந்தாள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"நிங்கா, தப்பு என் மேலதான். அன்னிக்கு ஒரு அட்டையை எடுத்துப் பாத்திருக்கணும்."

அவள் கஞ்சியை விழுங்கினாள். "நான் பாத்தேன்க்கா. மே மாசக் கடைசியிலயே. ரெண்டு கோடு வந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து நாள் தள்ளியிருக்குன்னு சொன்னே?"

"கர்ப்பம்னு சொல்ல வாய் வரல. நாள் தள்ளியிருக்குன்னு மட்டும் சொன்னா நீங்களே அட்டையை எடுப்பீங்க, நீங்களே கண்டுபிடிப்பீங்க, கதவைச் சாத்திட்டு நல்லாத் திட்டுவீங்கன்னு வந்தேன். திட்டி முடிச்சா அடுத்து என்ன பண்றதுன்னு சொல்லுவீங்கல்ல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன். துர்கவ்வா ஞாபகம் வந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லவாவது வழி இருந்திருக்கும்.

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். பண்ணும்போதே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளுடைய கதை வெளியே தெரியாதவரை என்னுடையதும் தெரியாது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பகீரப்பா கோவாவிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சோறு வடித்துக் கொடுத்தார், துணி துவைத்துப் போட்டார். போகும்போது என்னிடம், "சிஸ்டர், ஆபரேஷன் தவறும்னு ஒரு பேப்பர் இருந்தாக் குடுங்க. யாராவது கேட்டாக் காட்டலாம்" என்றார். அப்படி ஒரு பேப்பர் இருந்தது. தேடித் தருகிறேன் என்றேன். தேடவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தை தங்கினாலும் தங்காவிட்டாலும் பச்சை உடம்பு பச்சை உடம்புதான். கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைத்து, காதை மூடித் துணி கட்டி, ஒரு மாதம் தரையில் கால் வைக்க விடமாட்டோம். ஆனால் அந்தப் படுக்கையைப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் நிங்கவ்வாவுக்குப் படுக்கை இல்லை. புருஷன் கோவாவுக்குத் திரும்பிய மறுநாளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாளாம். நான்கு ரொட்டி தட்டியதும் மூச்சு வாங்கி, மாவுப் பரணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் பாரவ்வா வந்து இறங்கினாள். மருமகளின் பிரசவத்துக்குப் பலகாரம் செய்ய வந்தேன் என்று தெருவில் நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், மாவைப் பிடுங்கித் தானே தட்ட ஆரம்பித்தாள். நிங்கவ்வாவை வெந்நீரில் குளிப்பாட்டினாள். இடுப்பில் துணி கட்டினாள். வேலம் பிசினும் கொப்பரையும் பேரீச்சங்காயும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து, எதிரில் உட்கார்ந்து தின்ன வைத்தாள். வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள்.

"மகளுக்குன்னு செய்யற உருண்டையை நான் திங்கறேன்" என்று நிங்கவ்வா அழுதாள்.

"அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சந்தையில பிசின் தீந்தா போச்சு? தின்னு."

நான் தினமும் போவேன். வயிற்றை அழுத்திப் பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், உதிரம் எவ்வளவு என்று கேட்பேன். பன்னிரண்டாம் நாள் நின்றது. இரும்புச் சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தாள்.

"ஊருக்கே இதைக் குடுத்தோமேக்கா, இவ்வளவு குமட்டும்னு யாரும் சொல்லலையே."

"சொன்னாங்க. சாக்குப்போக்குன்னு நாமதான் காதுல வாங்கல."

ஒரு நாள் அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் ஏதோ வேடிக்கையாக ஆரம்பித்தேன். பாரவ்வா அம்மியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீ மாத்திரையை மட்டும் குடு. வாயைக் குடுக்காதே." நிங்கவ்வா அவளிடம் எதுவரை சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

செப்டம்பர் முடிவதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்க் கட்டில்காரி வீடு திரும்பிவிட்டாளே. பிரசவ வார்டில் யாராவது காய்ச்சலுக்குப் படுப்பார்களா? கிணற்றடியில் எல்லாரும் விரல் விட்டு எண்ணினார்கள். நான் எண்ணிய அதே கணக்கு. உகாதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆபரேஷன் ஆனவளுக்கு எப்படி என்பதற்குத்தான் யாரும் நல்ல பதில் தேடவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் முதல் வியாழன் கூட்டத்துக்கு நிங்கவ்வா வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. இளைத்திருந்தாள், ஆனால் தானே நடந்து வந்தாள். கூடவே பிரசவத்துக்கு வந்திருந்த தாட்சாயிணி, நிறை வயிற்றோடு. தெருப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தாயும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் உட்கார்ந்த விதமே காட்டிக்கொடுத்தது. முப்பது பெண்கள் இருந்தார்கள். நான் இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

துர்கவ்வா இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆபரேஷன் அவ்வாகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். ஆபரேஷன் பண்ணிக்கிட்டாலும் வயிறு வருமாமே? இல்ல, அது கோவாவுலேர்ந்து தபால்ல வருமா?"

முந்தானைகள் வாயை மூடின. இப்படிப் பேச அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். தாட்சாயிணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேசியிருக்க வேண்டும். ஆபரேஷன் எப்போதாவது தவறும். நாள் தள்ளினால் வந்து சொல்ல வேண்டும். இவள் வந்து சொன்னாள். நான் பார்க்காமல் சிரித்தேன். நான்கே நான்கு வாக்கியம். நாக்கு நுனியில் நின்றது. மேலதிகாரிக்குப் போகும், விசாரணை வரும், இனி ஒருத்தியும் என்னை நம்ப மாட்டாள் என்று அதற்குள் எங்கெங்கோ மனம் ஓடியது.

நிங்கவ்வா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா துர்கவ்வா. வந்துச்சு. போயிடுச்சு. உகாதிக்கு என் புருஷன் வந்திருந்தார், ஊரே பாத்துச்சு. மிச்சத்தை நீயே எண்ணிக்கோ." சுவரிலிருந்து கையை எடுத்தாள். "ஆபரேஷன் ஆயிரத்துல ஒருத்திக்குத் தவறும். எனக்குத் தவறிடுச்சு. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நான் வெக்கப்பட்டேன். மக கர்ப்பமா இருக்கா, நானும் இருக்கேன்னு எப்படிச் சொல்றதுன்னு வெச்சுக்கிட்டேன். கலைஞ்சப்புறமும் வெச்சுக்கிட்டேன். உள்ளேயே அழுகற வரைக்கும் வெச்சுக்கிட்டேன். அன்னிக்கு நீ முந்தானையை மூடிக்கிட்டுப் போனப்ப நானும் சிரிச்சவதான். அதுக்கு மன்னிச்சுக்கோ."

துர்கவ்வா குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். கேலி எல்லாம் போன குரலில் கேட்டாள்.

"அதெல்லாம் சரி நிங்கவ்வா. தெனமும் சிஸ்டரக்கா கூடத்தானே இருந்தே. அவங்ககிட்டக் கூடவா சொல்லல?"

முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. நிங்கவ்வாவும் திரும்பினாள். அவள் எனக்காகக் காத்திருந்தாள் என்றுதான் இன்று வரை நினைக்கிறேன். கொஞ்ச நேரம்தான். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லல" என்றாள். "சொல்லியிருந்தா அவங்க விட்டிருப்பாங்களா?"

நான் தலையாட்டினேன்.

தாட்சாயிணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்து என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா எங்க அவ்வா இருந்திருக்க மாட்டாங்க சிஸ்டரக்கா" என்றாள்.

அதற்கும் தலையாட்டினேன்.